லோத்தாரின் படத்துக்கு இரண்டு கையெழுத்து

நீடர்பாக், 12 செப்டம்பர் 2006

அன்புத் தங்கை ரோஸ்விதாவுக்கு,

நீயும் உன் கணவர் எகோனும் உடல்நலத்தோடு இருக்க விழைகிறேன். என் வலது முழங்கால் படிக்கட்டில் மட்டும் முறையிடுகிறது. மற்றபடி எனக்குக் குறையொன்றுமில்லை. என் தம்பியும் உன் அண்ணனுமான லோத்தாரை அடக்கம் செய்த நாளுக்குப் பின், பதினோரு ஆண்டுகளில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அதன் காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். லோத்தாரைப் பற்றித் திரைப்படம் எடுக்கிறார்கள்.

இயக்குநர் டெல்ப்ரூக் என்ற இளம்பெண். மியூனிக்கிலிருந்து வந்தார். கையில் கடையில் வாங்கிய கேக். அமர்ந்ததும் என் சுவர்க் காகிதத்தைப் புகைப்படம் எடுத்தார்.

"நீங்கதான் அவரோட அக்காவா? உங்க பாத்திரத்தை ரொம்ப அழகா எழுதியிருக்கோம். கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தப்பல்லாம் இங்க வாழைப்பழமே கிடைக்காதாமே?" என்றார்.

"ஆமாம்மா. அதனால மனுஷங்களைத்தான் தின்னோம்" என்றேன். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

திரைக்கதையைப் படித்தேன். ரயில்பெட்டி ஆலையில் இருபது ஆண்டு வெல்டராக உழைத்து, மாலையில் கிதாரோடு மேடையேறிய நம் லோத்தார், இதில் முதல் பக்கத்திலிருந்தே குடித்துக்கொண்டிருக்கிறான். மழை நிற்பதே இல்லை. மேற்கோடு இணையுமுன் இருந்த நம் பழைய நாட்டில் வெயிலே அடித்ததில்லை போலும். நானோ தலையில் துணி கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு சூப் கிளறுகிறேன். எனக்கு இரண்டு வசனங்கள்: "சாப்பிட வா லோத்தார்", "ஐயோ லோத்தார்". இருபத்தாறு ஆண்டுகள் பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டியவளுக்கு, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஆலை நூலகத்தை அலமாரி அலமாரியாகப் படித்து முடித்தவளுக்கு, இரண்டு வசனங்கள்!

அவனுக்கு மனைவி மக்கள் இல்லாததால் பாடல்களின் உரிமை நம் இருவருடையது. நம் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் அவர்களால் ஒரு பாடலைக்கூட ஒலிக்கவிட முடியாது. திரைக்கதையின் முக்கியமான பக்கங்களை இணைத்துள்ளேன். படித்துவிட்டு, கையெழுத்திட மறுப்பதாக எனக்கு எழுது.

என்றும் உன் நலம் நாடும்
சீக்லிண்டே


பிரேமன், 25 செப்டம்பர் 2006

அக்கா,

நலம். எகோனுக்கு மட்டும் இதயத்துக்குக் காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. கேட்டதற்கு நன்றி. அடக்கத்தன்று நீ கேட்கவில்லை. அன்று எல்லோர் கையையும் குலுக்கிக்கொண்டு வரிசையில் வந்தாய், எகோனிடம் வந்ததும் கையுறையைச் சரிசெய்ய ஆரம்பித்தாய். அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. எனக்கு அது மறக்கவில்லை.

சூப் கிளறுவதற்கா இவ்வளவு கோபம்? ஊரில் பாதிப் பெண்கள் கிளறினோம். நானும்தான் கிளறினேன்.

நீ அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். 61-க்கு அடுத்து 70 வருகிறது. 61-இல் லோத்தார் கைத்தட்டல் வாங்குகிறான். 70-இல், மேடையில் பாட அரசு அவனுக்குக் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். நடுவில் என்ன நடந்தது? பேப்பரை எண்ணாமல் உறையில் போடுகிற ஆள் இல்லை நீ.

ரோஸ்விதா


நீடர்பாக், 3 அக்டோபர் 2006

அன்புத் தங்கைக்கு,

எகோனின் இதயம் பற்றி அறிந்து வருந்தினேன். உப்பைக் குறைக்கச் சொல்.

விடுபட்ட பக்கங்களை இத்துடன் அனுப்புகிறேன். நீ பதற்றமடையக்கூடும் என்று கருதியே நிறுத்தி வைத்திருந்தேன்; வேறு நோக்கம் இல்லை. ஒரு மைத்துனன் வருகிறான். பெயர் 'எகார்ட்' என்று இருக்கிறது. பெயரை மாற்றியவர்கள் ஆளை மாற்றவில்லை. 1981 அக்டோபரில், குடியரசு நாளுக்கு முந்தைய மாலை, எங்கள் ஆலை வேலைக்குழுவின் விருந்தில் லோத்தார் அந்த ரயில்பெட்டிப் பாட்டைப் பாடுகிறான். மைத்துனன் மேசையடியில் கேசட்டில் பதிவு செய்து, உளவுத்துறையிடம் கொடுக்கிறான். கைம்மாறாக அவனுக்குக் கார் கிடைக்கிறது.

இது முறையற்றது. ஊரில் அன்றைக்கு அப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதற்காக அதைத் திரையில் ஏற்றலாகாது. அந்த மைத்துனனை முழுவதுமாக நீக்கினாலன்றி நாம் கையெழுத்திடுவதில்லை என்று நிபந்தனை விதிப்போம். இருவரும் உறுதியாக நின்றால் அவர்கள் பணிவார்கள்.

நலம் வேண்டும்
சீக்லிண்டே


பிரேமன், 11 அக்டோபர் 2006

அக்கா,

எகோனிடம் காட்டக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவரே எடுத்துப் படித்துவிட்டார். பால்கனிக்குப் போய் ஜெரேனியச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். மழை பெய்துகொண்டிருந்தது, அக்கா. கொட்டுகிற மழையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்.

"ஊரில் பேசிக்கொண்டார்கள்" என்கிறாய். யார் பேசினார்கள் என்று நான் சொல்கிறேன். ரொட்டிக்கடையில் நான் நுழைந்தால் வரிசை முழுக்க வாயை மூடும். ஒருநாள் கிராவுஸே வீட்டுக்காரி என் காதில் விழவே சொன்னாள்: "பதினாலு வருஷம் காத்துக்கிட்டிருக்கணும் காருக்கு. சில பேருக்குப் பதினொண்ணுலயே வந்துடுது. எப்படித்தான் வருதோ!" அந்தக் கார் எகோனின் அப்பா பெயரில் பதிந்தது, அவர் செத்ததால் எங்களுக்கு வந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? மேற்கு எல்லை திறந்ததும் முதல் வேலையாக நாங்கள் பிரேமனுக்கு ஓடிவந்தது வாழைப்பழத்துக்கு இல்லை.

மைத்துனனை நீக்கிவிட்டால் போதுமா? படத்திலிருந்துதான் போவான். நீடர்பாக்கிலிருந்து போவானா? எனக்கு நீக்குவது வேண்டாம். செய்தது யார் என்று தெரிய வேண்டும். அது தெரிகிறவரை என் கையெழுத்தும் கிடையாது.

இன்னொன்று. எகோன் அந்தக் கேசட்டைத் தேடி எடுத்தார். ஆமாம், பதிவு செய்தார். புது ரெக்கார்டர், மைத்துனன் பாடுகிறான், மேசைமேல் எல்லோரும் பார்க்க வைத்துப் பதிவு செய்தார். நேற்று இருவரும் கேட்டோம். லோத்தார் நான்கு சரணம் பாடுகிறான். நான்காவது, மேற்பார்வையாளர் கூபிட்ஸ் முதல் வகுப்புப் பெட்டியில் கால்சட்டை இல்லாமல் தூங்கிப்போன கதை. கூடம் அதிரச் சிரிப்பு. ஆனால் திரைக்கதையில் பாட்டு மூன்று சரணத்தோடு முடிந்துவிடுகிறது. கேசட் போயிருந்தால் நான்கும் அல்லவா போயிருக்க வேண்டும்?

ரோஸ்விதா


நீடர்பாக், 20 அக்டோபர் 2006

அன்புத் தங்கைக்கு,

நலமா? இங்கு இவ்வாண்டு ஆப்பிள் விளைச்சல் மிகுதி. கூழாக்கிப் பதினான்கு சீசாக்களில் அடைத்தேன். முழங்காலுக்கு மருத்துவர் ஊசி போட்டார்.

சரணங்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். திரைப்படக்காரர்கள் நேரத்தைக் கருதிச் சுருக்கியிருக்கலாம். நான்காவது சரணம் எவ்வாறாயினும் தரக்குறைவானது.

பனி சீக்கிரமே வந்துவிடும் போலிருக்கிறது.

சீக்லிண்டே


பிரேமன், 2 நவம்பர் 2006

அக்கா,

டெல்ப்ரூக்குக்கு நானே போன் செய்தேன். "நாங்க எதையும் சுருக்கலைங்க. உளவுத்துறைக் கோப்புல இருந்தது அவ்வளவுதான்" என்றாள். கோப்பின் அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பினாள். லோத்தார் சாவதற்கு முன் படித்துவிட்டு, எகோனின் பெயரைச் சொல்லிக் காறித் துப்பினானாமே, அதே பக்கம்.

அதில் எந்த உளவாளியின் பெயரும் இல்லை. "வேலைக்குழுவிலிருந்து பெறப்பட்டது" என்று மட்டும் இருக்கிறது. கீழே மூன்று சரணம், தட்டச்சில். 'நாங்கள் செய்த பெட்டிகள் போகும் ஊர்களுக்கு நாங்கள் போவதில்லை' என்ற வரிக்கு அடிக்கோடு. அதற்கும் கீழே மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம். அப்படியே எழுதுகிறேன்: "பரந்த உலகின்பால் உழைப்பாளி கொண்ட பற்று இவ்வரிகளில் எளிமையும் கம்பீரமும் ஒருங்கே பெற்று ஒலிக்கிறது." பக்கத்தில் யாரோ ஓர் அதிகாரி பேனாவால் போட்ட ஆச்சரியக்குறி.

இதை நான் ஒரு தடவைதான் படித்தேன். உடனே காதில் குரல் கேட்டது.

அந்த ஆலையில் நாலாயிரம் பேர். 'ஒருங்கே' என்று எழுதக்கூடியவர் எத்தனை பேர்? அம்மாவின் கல்லறைக்கல்லில் ஒன்பது சொல்லில் வாக்கியம் வைக்கச் சொல்லிக் கல்வெட்டுக்காரனோடு சண்டை போட்டவர் யார்? கூபிட்ஸின் கால்சட்டை தரக்குறைவு என்று நினைத்து விட்டுவிடக்கூடியவர் யார்?

ஆலைக்காக உங்கள் வேலைக்குழு வைத்திருந்த நாட்குறிப்பை எழுதியது யார், அக்கா?

இந்தக் கடிதத்தை மூன்று நாள் சமையலறையில் வைத்திருந்தேன். இன்று போடுகிறேன். எகோனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நான் இல்லை.

ரோஸ்விதா


பிரேமன், 18 டிசம்பர் 2006

அக்கா,

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் ஸ்டோலன் பழரொட்டி வந்து சேர்ந்தது. உறையில் கடிதம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ரொட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கேட்டது தின்பண்டம் இல்லை.

ரோ.


நீடர்பாக், 14 ஜனவரி 2007

ரோஸ்விதாவுக்கும் எகோனுக்கும்,

இக்கடிதத்தில் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கில்லை, ஆதலால் விசாரிக்கவில்லை.

நாட்குறிப்பை எழுதியவள் நான். ஒவ்வொரு வேலைக்குழுவும் ஆண்டுதோறும் ஒன்று எழுத வேண்டும் என்பது விதி. மற்ற குழுக்களில் அதை ஒரு தண்டனையாக எண்ணினார்கள். மே தின ஊர்வலத்துப் புகைப்படம் இரண்டை ஒட்டி, திட்ட இலக்கை எட்டினோம் என்று நான்கு வரி கிறுக்கி முடித்தார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. அது ஒன்றுதான் இந்த உலகில் நான் எழுதி, பிறர் படிக்கக் கிடைத்த நூல். மூன்று முறை வரைவெழுதி, நான்காம் முறை மையிட்டேன். மாவட்டப் போட்டிக்கு அனுப்புவதென்று அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தேன்.

லோத்தாரின் பாட்டை அந்த மாலையே மனப்பாடமாக்கி, மறுநாள் எழுதிக்கொண்டேன். நம்மை யாரும் எதற்காகவும் குறைகூற முடியாதபடி அதற்கு ஓர் உரையும் எழுதினேன். அப்பாட்டு, எல்லை தாண்ட விடாத அரசைக் குத்துகிறது என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியவில்லை. அதை எழுதும்போது என் வாக்கியம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பாட்டு எனக்குக் கேட்கவே இல்லை. கூபிட்ஸ் சரணத்தை மட்டும் விட்டுவிட்டேன், நூலின் தரத்துக்காக.

நாட்குறிப்பு ஜனவரியில் போட்டிக்குச் சென்றது. மார்ச் ஒன்பதாம் நாள், மாவட்டப் பண்பாட்டு இல்லத்தின் மேடையில் எனக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். ஒரு படிகப் பூச்சாடி. நடுவர் குழுவின் தலைவி என் கையைக் குலுக்கி, "அந்தப் பாட்டுப் பகுதி இருக்கே, ரொம்பத் தெளிவா எழுதியிருந்தீங்க. எங்க தோழர்கள் சில பேர் அதைத் தனியாப் படி எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க" என்றாள். அவள் புன்னகைக்கவில்லை. அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தபின்னும் பூச்சாடியை வாங்கிக்கொண்டேன். நன்றியுரையும் ஆற்றினேன். அதே வாரம் வெள்ளிக்கிழமை லோத்தாரின் அனுமதிச் சீட்டைப் பறித்தார்கள்.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். "எவனோ என் பாட்டை வரிக்கு வரி கொண்டுபோய்க் குடுத்திருக்கான், சீக்லிண்டே. மனப்பாடமா யாரால முடியும்? மெஷின் வெச்சிருந்தவன்தான். எகோன்தான்" என்றான். நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆம், சூப் கிளறிக்கொண்டிருந்தேன். மறுவாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று தள்ளினேன். பிறகு ஊரே அதை நம்பிவிட்டது. உண்மையைச் சொன்னால் முதற்குற்றத்தோடு தாமதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் தாமதம் குற்றத்தைவிடப் பெரிதாயிற்று.

நாட்குறிப்பு ஆலையோடு தொலைந்துவிட்டதென்று டெல்ப்ரூக்கிடம் சொல்லியிருந்தேன். தொலையவில்லை, என் அலமாரியில் இருக்கிறது. அதையும் இக்கடிதத்தின் நகலையும் இன்றே பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புகிறேன்.

மன்னிப்புக் கேட்பதற்கான வாக்கியம் ஒன்றை எழுத முயன்றேன். அழகாக வந்துவிட்டது. ஆகவே கிழித்துவிட்டேன்.

சீக்லிண்டே நோவாக்


நீடர்பாக், 6 மே 2007

ரோஸ்விதாவுக்கு,

நான்கு மாதங்களாக உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கும் உரிமை எனக்கில்லை. எகோனின் உடல்நிலை சீராக இருக்கிறதா என்பதை மட்டும் ஓர் அட்டையில் எழுதினால் போதும்.

திரைக்கதை மாறிவிட்டது. அதை நான் உனக்கு அறிவித்தாக வேண்டும். மைத்துனன் இப்போது மேசைமேல் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்வது. காட்டிக்கொடுப்பவள் அக்கா. படப்பிடிப்பு நம் பழைய ஆலைக் கூடத்திலேயே நடந்தது. என்னை அழைத்திருந்தார்கள்; போனேன்.

என் வேடமிட்ட பெண் மேடையில் பூச்சாடியை வாங்கும்போது தேம்பித் தேம்பி அழுதாள். நான் எழுந்து நிறுத்தச் சொன்னேன். டெல்ப்ரூக் ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு? தப்பு ஏதாவது இருக்கா?"

"நான் அழலை."

"தெரியும்மா. ஆனா சினிமால அழணும். அழுதாத்தான் பாக்குறவங்க உங்களை மன்னிப்பாங்க."

"அவங்க யாரு என்னை மன்னிக்க? அவங்ககிட்டயா நான் கேட்டேன்? நான் அன்னைக்குச் சிரிச்சேன். பூச்சாடியைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டினேன். அதை எடுங்க. எடுக்க முடியாதுன்னா என் தம்பி பாட்டுல ஒரு வரி உங்களுக்குக் கிடையாது."

கேமராக்காரன் அவர் காதில் "கிழவி ஆளையே தின்னுடும் போல" என்றான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அவனிடம் சொன்னேன்.

இன்னும் ஒன்று கேட்டார்: "பாத்திரத்துக்கு வேற பேரு வெச்சுடலாமா? ஊருக்குள்ள உங்களுக்குச் சங்கடமா இருக்கும்." எகோனின் பெயர் இருபத்தைந்து ஆண்டுகள் மாற்றமின்றி ஊர் வாயில் கிடந்தது. என் பெயரும் மாற்றமின்றியே வரட்டும் என்றேன். சீக்லிண்டே நோவாக், கிரேன் ஓட்டுபவர், நாட்குறிப்பு எழுதியவர். அழாமல் சிரிக்கும் காட்சியை மூன்று தடவை எடுத்தார்கள். மூன்றாவது சரியாக இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

அதன்பின் என் கையெழுத்தைக் கொடுத்தேன். உன்னுடையது உன் விருப்பம். இப்போது ரொட்டிக்கடையில் நான் நுழைந்தால் வரிசை வாயை மூடுகிறது. கிராவுஸே மட்டும், "உங்களுக்குத் தெரியாமத்தானே நடந்துச்சு, விடுங்க" என்று தோளைத் தொட்டாள். "எகோனுக்கு மட்டும் மூணு வருஷம் முன்னாலயே கார் எப்படி வந்துச்சுன்னு இதே கடையில கேட்டது யாரு?" என்று கேட்டேன். கையை எடுத்துக்கொண்டாள்.

முதல் காட்சி செப்டம்பர் 21 அன்று, நம் மாவட்டத் தலைநகரின் பழைய திரையரங்கில்.

சீக்லிண்டே


பிரேமன், 10 செப்டம்பர் 2007

அக்கா,

எகோன் நலம். மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது.

உன் ஜனவரிக் கடிதத்தை அவருக்கு நான்தான் சத்தமாகப் படித்தேன். முடித்ததும், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "லோத்தாருக்குத் தெரியாமலே போச்சே" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. லோத்தாரும் அவரும் ஒரே தூண்டிலில் மீன் பிடித்தவர்கள். நாங்கள் ஊரை விடும்வரை அவரைக் கண்டாலே அவன் தெருவின் மறுபக்கம் மாறிப் போனான், அப்படியே செத்தும் போனான்.

உனக்கு எழுத இத்தனை மாதம் ஆனது, எழுதிய எல்லாக் கடிதத்தையும் அடுப்பில் போட்டதால். அவற்றில் இருந்ததை ஒரே வரியில் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தாய். எல்லாவற்றுக்கும் வாக்கியம் வைத்திருப்பவள் நீ. அந்த நாற்பது நாளில் உன்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

என் கையெழுத்தை அனுப்பிவிட்டேன். எகோன் முதல் காட்சிக்கு வருவேன் என்கிறார். டாக்டர் வேண்டாம் என்றார், நானும் வேண்டாம் என்றேன். "நீடர்பாக் ஆளுங்க எல்லாரும் இருப்பாங்கல்ல? அப்ப நான் போகணும்" என்றார். புதுக் கோட்டு வாங்கியிருக்கிறார். எங்கள் மகன் காரில் அழைத்து வருகிறான். ரயில் வேண்டாம் என்றுவிட்டார்.

உன் வீட்டுக்கு வரமாட்டோம். ஆப்பிள் கூழ் கொண்டுவராதே. அவரிடம் வந்து பேசவும் பேசாதே. அவர் கை நீட்டினால் நீட்டுவார், நீட்டாவிட்டால் நீ கேட்கக் கூடாது.

டெல்ப்ரூக் மூன்றாம் வரிசையில் நமக்கு இடம் போட்டிருக்கிறாள். நாங்கள் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் உட்காரலாம். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அதில் உன் கைப்பையைக்கூட வைக்காதே.

ரோஸ்விதா